பட்டிக்கு ஒரு கட்டுக் குழை

தெருவில் அடிபட்டுக் கிடந்த மாட்டுக்கும் தேடுவாரற்ற நாய்க்கும் தன் காணியையே காப்பகமாக்கித் தந்து, இன்று இந்தப் பட்டிப் பொங்கல் விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஐரிஸ் அம்மையார் அவர்களே! உடுப்பிட்டி மண்ணின் உரமாக விளங்கும் பெரியோர்களே! வான் வண்டி பிடித்து வந்திறங்கிய வல்வெட்டித்துறை, மயிலிட்டி உறவுகளே! விடியமுன் எழுந்து, முற்றம் கூட்டி, பொங்கிப் படைத்து, பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, அந்தக் களைப்பைச் சற்றும் காட்டாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் பேச்சைப் பொருட்படுத்தாமல் அசைபோட்டுக் கொண்டிருக்கும் பதினான்கு மாடுகளே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தியாகலிங்கத்தின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்று நான் முன்னரும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் தலையைத் தாழ்த்தியதில்லை. இன்று உண்மையாகவே தாழ்த்துகிறேன். ஏன் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவன். ஆனால் ஊரில் என்னை யாரும் தபாலதிபராக அறியார்; பேச்சாளராகவே அறிவர். ஆலயத் திருவிழாவா? தியாகலிங்கம். பாடசாலைப் பரிசளிப்பா? தியாகலிங்கம். வாயில்லாச் சீவன்களிடம் வாஞ்சை கொள்ளுங்கள் என்று நான் முழங்கிய மேடைகள் எத்தனை! அதைக் கேட்டுக் கலங்கிய கண்கள் எத்தனை! எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் எத்தனை! ஆனால், என் அன்புக்குரியவர்களே, சென்ற பட்டிப் பொங்கல் நாள்வரை நான் ஒரு கூடை சாணி அள்ளியதுண்டா? இல்லை. ஒரு வாளி தண்ணீர் வைத்ததுண்டா? அதுவும் இல்லை.

பின்னால் கதிரவேலு அண்ணை சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள் அண்ணை. நீங்கள் சிரிப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

சென்ற ஆண்டு இதே பட்டிப் பொங்கல் நாளுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். வெறுமனே வந்து போவேனா? ‘வீட்டுக்கொரு பானை, பட்டிக்கொரு பொங்கல்’ என்று நானே வசனம் எழுதி, நானே துண்டுப்பிரசுரம் அடித்து, ஊரூராக அனுப்பினேன். வந்தன பானைகள்! மண்பானை, வெண்கலப் பானை, அலுமினியப் பானை. ஒரு வீட்டார் கஜு போட்டால் அடுத்த வீட்டார் கஜுவோடு பிளம்சும் போட்டார்கள். சர்க்கரையும் நெய்யும் மணக்க, நாற்பத்து மூன்று பானைகள் இந்த மேடைக்கு முன்னால் வரிசையில் நின்றன. அன்று இங்கே இருந்தவை பதினொரு மாடுகள். இந்தக் கணக்கு யாருக்காவது இடித்ததா? எனக்கு இடிக்கவில்லை. பக்தி பெருகிவிட்ட இடத்தில் பசுவின் வயிற்றை யார் நினைத்தார்?

ஒருவர் நினைத்தார். இந்தக் காப்பகத்தின் மாடுகளைப் பராமரிக்கும் சாருஜா. இரண்டு பிள்ளைகளின் தாய். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மாலைவரை இங்கே மாடுகளோடு மாடாக நிற்பவர். அவர் இந்த மேடைக்கு ஓடி வந்து என் காதருகே சொன்னது இன்றும் அப்படியே கேட்கிறது.

“ஐயா, உவ்வளவு சோத்தையும் மாட்டுக்குக் குடுக்க விடாதேங்கோ. ஒரு பிடி எண்டால் பரவாயில்லை. கூடிப்போனால் வயிறு ஊதி விழுந்திடும். செம்பி கன்றுத்தாச்சி ஐயா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதோ, இந்த ஒலிவாங்கியை உள்ளங்கையால் மூடினேன். மூடிக்கொண்டு, “பிள்ளை, நல்ல நாளிலை தடை சொல்லாதை” என்றேன். பிறகு கையை எடுத்து, “உழைத்த மாட்டுக்கு ஒரு நாளாவது உண்டு களிக்கும் உரிமை இல்லையா?” என்று கூட்டத்தைக் கேட்டேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வசனம் அப்படிப்பட்ட வசனம்.

பானைகள் கவிழ்ந்தன. மாடுகள் உண்டன. படம் எடுத்தோம்.

மத்தியானம் திரும்பியதும் மாடுகள் ஒவ்வொன்றாக அசைபோடுவதை நிறுத்தின. மூன்று மாடுகளுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. அந்த மூன்றில் செம்பி கால் மடிந்து விழுந்தாள். இடப்பக்கம் வீங்கி இறுகி, கண் செருகி, மூச்சு முட்டி, வயிற்றில் ஆறு மாதக் கன்றோடு விழுந்து கிடந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயோரத்தில் நான் கொடுக்கச் சொன்ன பொங்கலின் பருக்கை ஒட்டியிருந்தது. என் நாவால் ஒரு தாய்ப் பசுவைக் கொல்லப் போகிறேன் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

மிருக வைத்தியர் கிளிநொச்சியில் நின்றார். தொலைபேசியில் அவர் சொன்னவை மூன்று. சாருஜா சொல்லும் அளவில் அப்பச்சோடாவைக் கரைத்து மெல்லப் பருக்குங்கள், மாட்டை எழுப்புங்கள், நான் வரும்வரை படுக்க விடாமல் நடத்துங்கள்.

அப்போதுதான், என் அருமை மக்களே, இந்த ஊர் யார் என்று கண்டேன்! பார்க்க வந்தவர்கள் பணியாளர்கள் ஆனார்கள். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாய்மார் வந்தார்கள். கடலில் வள்ளம் தள்ளிப் பழகிய வல்வெட்டித்துறைத் தோள்கள் செம்பியின் வயிற்றுக்கும் விலாவுக்கும் அண்டை கொடுத்தன. “ஏலேலோ” என்றார்கள். எழுந்தாள் செம்பி! சைவமும் கிறிஸ்தவ வேதமும் சேர்ந்து தள்ளியதில் எழுந்தாள்!

இந்தக் காணியைச் சுற்றி நடந்தோம். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. கயிறு என் கையில். எனக்குப் பழக்கதோஷம் விடுமா? தாயே, தளராதே, தரணி உன்னைப் போற்றும் என்று மாட்டுக்கு ஆறுதல் உரை நிகழ்த்தத் தொடங்கினேன். பக்கத்தில் வந்த சாருஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஐயா, கதைச்சது காணும். நடவுங்கோ.”

நடந்தேன். வாழ்நாளில் முதன்முறையாக வாய்மூடி ஒரு வேலை செய்தேன். சிரியுங்கள் அண்ணை, இது அதற்கான இடந்தான்.

பொழுது சாயமுன் வைத்தியர் வந்து சேர்ந்தார். குழாய் விட்டுக் காற்றை இறக்கினார், மருந்து ஏற்றினார், பிறகு இடப்பக்கத்தில் காதை வைத்துக் காத்திருந்தார். வைத்தியர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வயிறு வேலை செய்யத் தொடங்கியிட்டுது. வந்து கேளுங்கோ” என்றார்.

கைதட்டலுக்காகவே காது வளர்த்தவன், அன்று ஒரு மாட்டின் வயிற்றில் காதை வைத்தேன். உள்ளே மெல்ல ஓர் உறுமல். சற்று நின்று, இன்னுமோர் உறுமல். எந்த மேடையிலும் எனக்குக் கிடைக்காத வாழ்த்து அது! நான் அழுதேன். அழுதுகொண்டு நின்ற என் பட்டு வேட்டியின் மீது, செம்பி தாராளமாகக் கழிந்தாள். அதையும் போர்த்திய பொன்னாடைகளோடு சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அசைபோட்டாள். சித்திரையில் கன்று ஈன்றாள். இதோ, வேலிக்குள் தலையை விட்டு என் சால்வையை இழுக்கப் பார்க்கிறாளே, அவள்தான் அந்தக் கன்று. பிள்ளைகள் அவளுக்குப் ‘பொங்கல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “பொங்கல், இஞ்சை வா” என்று யாராவது கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது. பதினொரு மாட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை! ஒன்றுகூட!

அந்தக் கிழமையே சாருஜா வாசலில் கரும்பலகை வைத்து எழுதினார்: ‘சோறு வேண்டாம். குழை கொண்டு வாங்கோ.’ எதுகை உண்டா? மோனை உண்டா? ஒன்றும் இல்லை. ஆனால் இன்று வரும்போது வாசலைப் பார்த்தீர்களா? கிளிசிறியாக் குழை, பூவரசங் குழை, பச்சைப் புல், வைக்கோல்! ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறது. நாற்பது ஆண்டுகள் நான் பேசிச் சாதிக்காததை அந்த ஐந்து சொற்கள் சாதித்துவிட்டன!

ஆகவே அழைக்கிறேன். பார்த்துவிட்டுப் போக வராதீர்கள். பணி செய்ய வாருங்கள்! படம் எடுக்க வராதீர்கள்; பட்டி கூட்ட வாருங்கள்! சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். சாணி அள்ளும் கூடையோடு நான் நிற்பேன். கொடுப்பதற்குமுன் கேளுங்கள், கேட்டபின் கொடுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயது ஆயிற்று. உங்களுக்கு இன்றைக்கே போதும்.

பொன்னாடையோடு நிற்கும் தம்பி, அதை எனக்குப் போர்த்த வேண்டாம். குளிர்நாளில் கன்றுக்கு விரியுங்கள். பொறுமையோடு இருந்த தலைவருக்கும், சென்ற ஆண்டு தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோருக்கும் பட்டிப் பொங்கல் வாழ்த்தும் வணக்கமும்.

சாருஜா, மேடைக்கு வாங்கோ. கையைக் கழுவத் தேவையில்லை, அப்படியே வாங்கோ. சென்ற ஆண்டு உங்களுக்கு மூடிய ஒலிவாங்கி இது. பிடியுங்கோ. நான் கதைச்சது காணும்.