ஜோடிக் கோப்பில் பழையது இறங்கிய விவரம்

எனது பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்து நான்கு. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக மென்பொருள் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் பொய் அறிக்கை கொடுத்ததாகச் சொல்லப்படும் மூத்த வேதியியலாளர், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா. நாங்கள் எதிரெதிர் அறைகளில் வேலை செய்தாலும் எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே நாத்தனாருக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எங்கள் கூடத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கணினியில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. சூத்திரம், விடை, வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஜோடியாக, சூத்திரங்கள் மட்டும் உள்ள எழுத்துக் கோப்பு ஒன்றும் இருக்கும். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருத்தம் ஏற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் நிரலை எழுதியவள் நான்.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, ஓர் ஆரம்பப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியில் ஈயம் லிட்டருக்கு நான்கு மைக்ரோகிராம் என்று நாத்தனாரின் மின்கையொப்பத்துடன் அறிக்கை போனது. அனுமதிக்கப்பட்ட அளவு பத்து. பிறகு அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாரான ஒரு செவிலியர் சந்தேகப்பட்டு வேறு இடத்தில் சோதிக்க, நாற்பது என்று வந்தது. பதின்மூன்றாம் தேதி தொட்டியை மூடினார்கள். பிள்ளைகள் அனைவருக்கும் ரத்தம் சோதித்து, பாதிப்பில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அறிவேன். ஆனாலும் நான்கு நாள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அதன் பிறகு எங்கள் கணினியைப் பார்த்ததில், நோட்டில் நான்கும் எழுத்துக் கோப்பின்படி நாற்பதும் வந்தன. அனுப்புவதற்காக நோட்டு கணினியிலிருந்து பதிவிறக்கப்பட்ட நேரம் 11.22. எழுத்துக் கோப்பு திருத்தப்பட்ட நேரம் 11.26. அறிக்கையை அனுப்பிவிட்டு, தப்பிக்கப் பின்னால் திருத்தினார் என்று முடிவு செய்து அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

பதினான்காம் தேதி மாலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்தே?"

"அண்ணி, அன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

"எட்டு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்தேனே. படிச்சியா?"

படிக்கவில்லை. எழுத்துக் கோப்பில் திருத்திவிட்டு நோட்டை இறக்கினால் பழையதே வருகிறது என்று மூன்று தேதிகளுடன் புகார் கொடுத்திருந்தார். முதல் வரியைப் பார்த்துவிட்டு, 'சேமிக்காமல் இறக்கியிருப்பீர்கள்' என்று பதில் போட்டு மூடியவள் நான். அதை அவர் குடும்பத்தார் நடுவில் கேட்டபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேச்சு நின்றது அன்றுதான்.

அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். மாதிரித் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்துவிட்டு, விடையைப் பத்தால் பெருக்க மறந்ததைக் கண்டு, எழுத்துக் கோப்பில் திருத்தி, ஓட்டிப் பார்த்து, நாற்பது என்று கண்ணால் கண்ட பிறகே நோட்டை இறக்கி அலுவலகத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார். இறங்கியதைத் திறந்து பார்க்காதது தன் தவறு என்றும் சொன்னார்.

மறுநாள் காலை என் நிரலை வரிவரியாகப் பார்த்தேன். நோட்டைத் திறக்கும்போது இரண்டு கோப்புகளையும் ஒப்பிட எழுதியிருந்தேன். இறக்கும் பொத்தானுக்கு அதை எழுத மறந்திருந்தேன். அது ஜோடியைத் திரும்பியும் பார்க்காமல் பழைய நோட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தது. அதன் பிறகு எழுத்துக் கோப்புகள் இருக்கும் சேமிப்புக் கணினியின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். ஏழு நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக 11.26 என்பது உண்மையில் 11.19. அவர் திருத்தியது இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு.

உடனே இயக்குநரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "வெளிய தெரிஞ்சா நம்ம கூடத்தையே யாரும் நம்ப மாட்டாங்க. சத்தமில்லாம சரி பண்ணிடுங்க" என்றார்.

"சத்தமில்லாம சரி பண்ணா, எங்க அண்ணி பொய் சொன்னதா ஆயிடும் சார்" என்றேன்.

அன்றே தங்கள் காவல் நிலையத்தில் தெரிவித்து, பழைய நிரலைத் தொடாமல் தங்கள் அலுவலர் முன்னிலையில் பிரதி எடுத்து ஒப்படைத்தேன். அதன் பிறகு இரண்டு நாளில் திருத்தினேன். இப்போது இறக்கும் முன் இரண்டு கோப்புகளின் உள்ளடக்கமும் ஒப்பிடப்படும். எழுத்துக் கோப்பில் மட்டும் மாற்றம் இருந்தால் கணக்கை மறுபடி ஓட்டிப் புது விடையோடு இறக்கும். இரண்டிலும் வெவ்வேறு மாற்றம் இருந்தால் எதையும் கொடுக்காமல் நின்று கேட்கும். எல்லாக் கணினிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும். இதுவரை போன இரண்டாயிரத்து நூற்று நாற்பது அறிக்கைகளையும் ஒப்பிட்டதில் மேலும் மூன்று பழையதாகப் போயிருந்தன. அவர் புகாரில் எழுதிய அதே மூன்று தேதிகள். அந்த இடங்களின் தண்ணீரை மறுபடி சோதித்தோம். கெடுதலில்லை.

பதினெட்டாம் தேதி வழக்கை விசாரிக்கும் காவல் ஆய்வாளர் ஐயா தாமே பொத்தானை அழுத்திப் பார்த்தார். பழைய நிரலில் நான்கு வந்தது. புதியதில் நாற்பது வந்தது. நம்பாமல் அவரே எண்களை மாற்றி மாற்றி ஒன்பது முறை இறக்கினார். ஒன்பது முறையும் சரியாக வந்தது. "என்னம்மா, ஏமாறவே மாட்டேங்குது?" என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல நிரல் இதுதான். தவறைத் தேதி போட்டுப் பிடித்தவர் என் நாத்தனார் என்பதிலும் எனக்குப் பெருமைதான். இது வழக்குக்குத் தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் சொன்னார். இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

நேற்று அவருடைய பணியிடை நீக்கத்தை ரத்து செய்தார்கள். இன்று காலை என் அறைக்கு வந்து புதுப் புகார் ஒன்றை மேசையில் வைத்தார். வரைபடத்தின் எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறதாம். "முழுசாப் படி" என்றார். அவர் முன்னாலேயே கடைசி வரி வரை படித்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். யார் வற்புறுத்தலும் இன்றி நானறிந்த உண்மையைச் சொல்லியிருக்கிறேன். கையொப்பத்தின் கீழ் 'சாட்சி' என்று மட்டும் இருந்ததால், என் வேண்டுகோளின்படி இவ்வாறு சேர்க்கப்பட்டது:

(ஒப்பம்)
சாட்சி, மேற்படி நிரலைப் பிழையாக எழுதியவரும் திருத்தியவரும்.