என் வீட்டுக்காரர் போனில் இருந்த பிளம்பர்

அவைக்குத் தலைமை தாங்கும் அக்கா அவர்களே, எனக்கு முன்னே பேசி அமர்ந்த பெரியவர்களே, கடைசி வரிசையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்மார்களே, தொழுகிறவர்களே, தொழுவதை விட்டவர்களே, என் வீட்டுக்காரரின் போனில் வேறு பெயரில் குடியிருந்தவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மேடை எனக்குப் புதிது. என்ன தம்பி? மைக்கைக் கிட்ட வைக்கணுமா? வச்சுட்டேன். இப்போ கேக்குதா? சரி.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். வேலைக்குப் போன கட்டடத்தின் ஆறாவது மாடியில், கருவிப் பையைத் திறந்து வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு நாற்பத்தேழாவது நாள்.

அன்று யாருக்கெல்லாம் சொன்னேன்? அண்ணனுக்குச் சொன்னேன். நாத்தனாருக்குச் சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தனுக்கும் சொன்னேன். அவர் போனில் இருந்த பிளம்பருக்குச் சொல்வேனா? கேஸ்காரருக்குச் சொல்வேனா? சாவு வீட்டுக்கு யாராவது பல் டாக்டரைக் கூப்பிடுவார்களா?

சிரியுங்கள், சிரியுங்கள். அவர் இருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

இந்தப் பல் டாக்டரால் வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் போன் வரும். "உங்களுக்கு இருக்கிறதே இருபத்தெட்டு பல்லு. அதுக்கு இவ்வளவு விசாரிப்பா? டாக்டர் ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டேன்.

"பொம்பளைதான். என்னைவிட பத்து வயசு மூப்பு. போதுமா?" என்றார்.

போதவில்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு வாரம் இனி எனக்குத் திரும்பக் கிடைக்குமா? அந்தப் பல் டாக்டர்தான் இதோ தலைமை நாற்காலியில் இருக்கிறார். துணி தைக்கிறவர்! நான் சந்தேகப்பட்டதை மன்னியுங்கள், அக்கா.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் அவர் போன் அடித்தது. பிளம்பர்.

"குழாயெல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆளுதான் இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே அழுகை. குழாய் பார்க்க வருகிறவர் இப்படியா அழுவார்?

"அக்கா, நான் பிளம்பர் இல்லக்கா. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். பதினோரு வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம அண்ணன்கூட இருந்தவன். எங்களுக்கு யாருமே சொல்லலையேக்கா!"

யார் சொல்வது? யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே பெயரை மாற்றி வைத்தீர்கள்! முஸ்லிம் வீட்டில் பிறந்தீர்கள். அவரைப் போலவே உங்களுக்கும் கடவுள் நம்பிக்கை விட்டுப்போனது. வெளியே தெரிந்தால் வீடு போகுமே, உறவு போகுமே என்று பயந்து, தையல்கடை மாடியில் கூடினீர்கள். ஆபரேஷன் என்றால் ரத்தம் கொடுத்தீர்கள். வீட்டார் துரத்திய பெண்ணுக்கு வாடகைக்கு அறை பார்த்தீர்கள். மனிதருக்கு மனிதர் துணை என்றீர்கள். எல்லாம் சரி. அந்த மனிதர் போனபோது முகம் பார்க்க ஒருவரும் வர முடியவில்லையே!

எனக்குக் கோபம் உண்டு. என்னிடமும் மறைத்தாரே! நான் தொழுகிறவள். இன்றும் தொழுதுவிட்டுத்தான் வந்தேன். அவர் சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பேனா? பொய் சொல்லமாட்டேன். கத்தியிருப்பேன். அண்ணனைக் கூப்பிட்டிருப்பேன். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். பிறகு? பிறகு திரும்பி வந்திருப்பேன். நான் திரும்பி வருவேன் என்பதை அவர் நம்பவில்லை. என் துக்கமெல்லாம் அதுதான்.

பயப்படுகிறவர்களை வெளியே வாருங்கள் என்று இழுக்கமாட்டேன். என் அண்ணனைப் பார்த்தால் எனக்கே பயம். நான் கேட்பது ஒன்றே ஒன்று.

இது அவருடைய போன். இதை நான் அணைக்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் ஒரே ஒருவரிடம் இந்த எண்ணைக் கொடுங்கள். "எனக்கு ஏதாவதுன்னா இந்த அக்காவுக்குச் சொல்லு" என்று சொல்லிவையுங்கள். முக்காடு போட்ட பொம்பளையை எந்த வீட்டில் சந்தேகப்படுவார்கள்? சேதி என்னிடம் வரும். என்னிடமிருந்து எல்லோருக்கும் போகும். இனி நம்மில் ஒருவர் போனால் நான்காம் நாள் தெரியக் கூடாது. அன்றே தெரிய வேண்டும். அன்றே வர வேண்டும். வாசலில் நின்று, தோள் கொடுத்து, வழியனுப்ப வேண்டும்!

நம்மில் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

எனக்கு போனில் எழுத வராது. இந்த போனை முதல் வரிசையிலிருந்து கைமாற்றிக் கொடுங்கள். மனம் ஒப்புகிறவர்கள் பிளம்பர், பல் டாக்டர் என்று இருப்பதை அழித்துவிட்டு, உங்கள் சொந்தப் பெயரை நீங்களே போடுங்கள். என்ன தம்பி, எழுந்துட்டீங்க? இவர்தாங்க நம்ம பிளம்பர். வாங்க, முதல்ல நீங்க.

பேச இடம் கொடுத்த அக்காவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. என் பங்குக்கு ஸலாம், உங்கள் பங்குக்கு வணக்கம்.

பேரை மெதுவா அடிங்க தம்பி. போனை நான் பிடிச்சுக்கிறேன்.