சைட்காரில் வரும் தலைவர்

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர் இருந்தார்கள். ஒருவர் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர். மோட்டார் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். புது கிளட்ச் தகட்டைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மற்றவர் அதே சங்கத்து உறுப்பினரான பள்ளிக்கூட மாஸ்டர்.

“நம்ம சங்கத் தலைவருக்குச் சாதாரண சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க, மாஸ்டர்” என்று டீமேக்கர் சொன்னபோதுதான் நான் காதுகொடுத்தேன்.

“தோட்டத்து ஆபீசுக்கே தலைமை, பெரிய கிளாக்கரையா இருக்கும்போது வேற யாரைத் தலைவராப் போடுறது?”

“போடுங்க. என் சைட்கார்ல ஏன் ஏத்துறீங்க? மாலையோட உக்காந்துக்கிட்டு, வேகமாப் போகாதேங்கிறாரு. அவருக்கு முன்னால யாரும் போகவும் கூடாதாம். மொனராகலைக்குப் போன அன்னைக்கு மாட்டுவண்டிக்காரன் நம்ம எல்லாரையும் தாண்டிப் போனான்!”

“கையும் காட்டிட்டுல்ல போனான்.”

“சிரிக்காதீங்க. ஊர்ந்து ஊர்ந்தே கிளட்ச் எரிஞ்சு போச்சு. இன்னைக்கு அவரு வீட்டுக்கே போயி, செயலாளர் வேலையிலருந்து விலகிக்கிறேன்னு சொல்லப் போறேன்.”

“தாராளமாச் சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை தேருக்கு முன்னால சங்கம் போகணுமே. அவரை நீங்க ஏத்திக்கிறீங்களா?”

“என் வண்டியில சைட்கார் இல்லையேங்க.”

“என்னுதைக் கழட்டி மாட்டித் தர்றேன்.”

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பித் தேயிலை மலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இறங்கும்போது டீமேக்கர் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை விடியக்காலையே வந்துருங்க, மாஸ்டர். அவரைத் தூக்கி உள்ள வைக்கிறதுக்காவது ஒரு ஆள் வேணும்.”