குப்பைக் கிராணி என்னும் பட்டம்

அவைத்தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, காய்ச்சலுக்கு மருந்தில்லாத இந்த நாளிலும் நடந்து வந்து கூடியிருக்கும் பினாங்கு மக்களே! சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் வணக்கம்.

தலைவர் தம் இரங்கல் உரையில், விவசாய இலாகாவில் எழுத்து வேலை பார்த்த முன்னாள் தலைமைக் கிராணி, உயர்திரு கனகசுந்தரம் என்றார். நல்லது. ஆனால் இந்த ஊர் அவருக்குக் கொடுத்த பட்டத்தை ஏன் விழுங்கிவிட்டார்? குப்பைக் கிராணி! முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்லாதவர் இங்கே எத்தனை பேர்?

கப்பல் நின்றது, அதில் வந்த சீமை மூட்டை உரமும் நின்றது. ஏன் நின்றது என்று நான் விளக்கப் போவதில்லை, சுவருக்கும் காது இருக்கிறது. அரிசி போய் மரவள்ளி வந்தது. இந்தச் சங்கத் திடலிலும் நட்டோம். முதல் போகம் கைப் பருமன், அடுத்தது விரல் பருமன். மூட்டை உரம் மண்ணுக்குச் சாராயம், நிறுத்தினால் படுத்துவிடும் என்று இந்த யுத்தத்துக்கு முன்பே வெள்ளைக்கார மேலதிகாரிகளிடம் சொன்னவர் அவர். கேட்டார்களா? சிரித்தார்கள்.

ஒருநாள் என் கடைக்கு வந்து, திடலுக்குப் பசளை வேண்டும் என்றார். நான் பாசாருக்கு ஓடி ஒரு கட்டுப் பசளைக்கீரை வாங்கி வந்து நீட்டினேன். யாழ்ப்பாணத்துப் பேச்சு எனக்கு என்ன தெரியும்?

"தம்பி, இது நாங்கள் சாப்பிடுறது. நான் கேட்டது மண் சாப்பிடுறது" என்றார். அவர் ஊரில் பசளை என்றால் உரமாம்.

அன்று முதல் என் கடை எச்சில் இலை, மீன் செதில், அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம் எல்லாம் சங்கத்தின் பின்புறக் குழியில் அடுக்கடுக்காக இறங்கின. இந்தியாவில் அப்படி மட்கவைத்துப் பயிர் செய்வதை அவர் படித்திருந்தார். வெள்ளைக் கால்சட்டையை மடித்துக்கொண்டு தம் கையாலேயே கிளறினார். அடுத்த போகம் கிழங்கு தொடைப் பருமன்! தின்றோமே, மறந்துவிட்டோமா? சாணி தொட்ட கை என்று கோயில் பந்தியில் அவர் பக்கத்திலிருந்து எழுந்து போனவர்கள் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். உங்கள் இலையில் இருந்த கிழங்கு எந்த மண்ணில் விளைந்தது ஐயா?

காய்ச்சலில் நினைவு தப்பும்போதும், "குழியைக் கிளறியாச்சோ?" என்றே கேட்டாராம். அவர் மனைவி செல்வநாயகி அம்மாள் சொல்லி அழுதார். ஆனால் சிதை ஆறுமுன்னே இந்தச் சங்கம் என்ன செய்தது? நாற்றம் தாங்கவில்லை, குழியை மூட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது! இது அடுக்குமா? நாறுவது குழியா, நம் நன்றியா?

மண்வெட்டியோடு மூட வருகிறவர்கள் வரட்டும். நாளைக் காலையில் என் கடைக் கூடை அந்தக் குழிக்குத்தான் போகும். சுமப்பவன் நான், கிளறுபவனும் நான். எனக்குக் கிராணி வேலை தெரியாது. ஆனாலும் அந்தப் பட்டம் இப்போது காலியாக இருக்கிறது. நாளை முதல் குப்பைக் கிராணி என்று என்னைக் கூப்பிடுங்கள். முதுகுக்குப் பின்னால் வேண்டாம், சத்தமாகக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.