டிவியில் வருகிற மனைவி

தேத்தண்ணி நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் துவான். சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு கிடைத்தால் போதாதா? என் வீட்டுக்காரர் கலக்கினால் பொம்பளைகளே தோற்றுப்போவார்கள். அதுதான் எனக்குத் தொல்லையாக இருந்தது.

லூயிஸைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். பீடோர் பக்கம் தோட்டத்தில் பிறந்து, சிம்பாங் பூலாய் கல்மலையில் லாரி ஓட்டியவர். குடித்ததில்லை, என்மேல் கை நீட்டியதில்லை. வேலை விட்டு வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பிட்ட மங்கு கழுவுவார், துணி காயப்போடுவார். "நீ உக்காரு லா பியாட்ரிஸ், நான் தண்ணி கலக்குறேன்" என்பார். உட்கார்ந்துகொண்டு நான் என்னதான் செய்வது?

எங்கள் வரிசையில் முதல் கலர் டிவி எங்கள் வீட்டில்தான். தமிழ் நாடகம் போடுகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு நவமணி அக்கா பட்டாளத்தோடு வந்துவிடுவார். நாடகத்தில் நல்ல மனைவி யாரென்று பார்த்ததுமே தெரியும். தலையில் பூ, கண்ணில் தண்ணீர். முடியை வெட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள் கெட்டவள், கடைசியில் திருந்திவிடுவாள். ஆம்பளை சமையல்கட்டுக்குள் நுழைந்தால் அது சிரிப்புக் காட்சி. அந்த நேரம் பார்த்து லூயிஸ் தட்டில் தேத்தண்ணியோடு வந்து நிற்பார். டிவியைப் பார்த்துச் சிரிப்பதா, இவரைப் பார்த்துச் சிரிப்பதா என்று அக்காவுக்கே குழப்பம். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஈப்போவில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான் கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன். மாதா கோயிலில் பாதரே என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நவமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிவியில வார பொண்டாட்டி மாதிரியே இருக்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

அது நல்ல மாத்திரை, துவான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலையில் கண் விழித்தால் சமையல்கட்டில் சத்தம். லூயிஸ் எழுந்து போய் மங்கு கழுவிக்கொண்டிருந்தார். "எனக்குச் சுகமாயிருச்சு, இனிமே நீ சும்மா இரு" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து கடையில் விற்கிற சத்து மாத்திரையைக் கொடுத்தேன். அதுவும் வெள்ளைதான், வட்டம்தான். ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்குவார்; என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆஸ்பத்திரி மாத்திரையைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. குடும்பப் பெண் எதையாவது வீணாக்குவாளா? பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அடக்கத்தன்று வந்தவர்களுக்கு பிஸ்கட் எடுக்கப் போன நவமணி அக்கா அந்த டின்னைத் திறந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான்தான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைப்போல் அவரை யார் கவனித்திருப்பார்கள்? கடைசிவரை அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். நாடகத்தில் வருவது போலவே, என் கையைப் பிடித்துக்கொண்டு, என் பேரைச் சொல்லித்தான் போனார். எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கும்?

பேரைச் சொன்ன பிறகு "மாத்திரை" என்றும் சொன்னார். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாடகத்தில் அந்த வசனம் வராது.