பாதாளப் பெரியவரும் பரசுராமன் முகமும்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது இன்ஸ்பெக்டர் ஐயா, காபியில் தாராளமாகவே போடச் சொல்லுங்கள். அறுபத்தெட்டு வயதில் பல் ஒன்றுகூட ஆடவில்லை. கைதான் சும்மா இருக்காது. முப்பத்தைந்து வருஷம் சர்வே ஆபீசில் நிலப்படத்தில் வரப்பு வரைந்த கை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்றபின் சித்திரக்கதை போட ஆரம்பித்தேன். நான்கு கட்டம், நடுவில் பாதாளப் பெரியவர். நட்சத்திரங்களுக்கு மூத்தவர், கோடி வருஷம் பூமிக்கடியில் தூங்கியவர், கண்டவனுக்குப் புத்தி பேதலித்துவிடும். அப்பேர்ப்பட்டவர் எழுந்து வந்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்கிறார். ஆதாருக்குக் கண்ணைக் காட்டச் சொன்னால், தன் முந்நூறு கண்ணில் எதைக் காட்டுவது என்று முழிக்கிறார். எங்கள் வேங்கிக்கால் தெரு வாட்ஸ்அப் குழு சிரித்த சிரிப்பில் கிரிவல மலையே ஓர் அங்குலம் நகர்ந்தது.

குறை சொன்னது எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் கவிநிலாதான்.

"பெரியவர் சூப்பர் அங்கிள். அவரைப் பாத்துப் பயப்படறவன் மூஞ்சிதான், புளியோதரை தீந்துபோச்சுன்னு கேட்டவன் மாதிரி இருக்கு."

நியாயமான பேச்சு. பயம் நிஜமாக இல்லாவிட்டால் சிரிப்பும் நிற்காது.

அந்த முகத்தைப் பக்கத்து வீட்டுப் பரசுராமனிடம் கண்டேன். கிரிவலத்தில் நாம் இடது ஓரமாக நடப்போம். மலையை ஒட்டிய வலது ஓரம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு. ஒரு படத்தில் அந்த ஓரத்தில் பெரியவரை நடக்க விட்டிருந்தேன். பார்த்ததும் மனுஷர் வெளிறிப்போனார்.

"வேணாங்க கோதண்டம் சார். காலியா இருக்குதுன்னு கண்டதைக் கொண்டாந்து விடாதீங்க."

பென்சிலை எடுப்பதற்குள் அந்த முகம் போய்விட்டது. ஒரு நொடியில் எப்படி ஐயா வரைவது?

கீழ்பென்னாத்தூர் பக்கம் அவருடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு வறண்ட கிணறு. தூர் வார முடியுமா என்று பார்க்க என்னையும் துணைக்குக் கூட்டிப்போய், சட்டையையும் செல்போனையும் மேலே வைத்துவிட்டு இறங்கினார். நான் நூலேணியை இழுத்துக்கொண்டேன்.

"என்னா சார் விளையாட்டு, ஏணியைப் போடுங்க."

"பெரியவர் வர்ற நேரங்க. பின்னாடி பாத்துக்குங்க" என்றேன்.

முதல் நாள் வெறும் கோபம். இரண்டாம் நாள் கெஞ்சல். அது சினிமா முகம். கயிற்றில் தண்ணீர் பாட்டில் இறக்கினேன், நான் என்ன ராட்சசனா. ஆனால் தண்ணீர் குடித்தால் முகம் தெளிந்துவிடுகிறது, நிறுத்த வேண்டியதாயிற்று.

இடையில் அவர் சம்சாரம் ராஜம்மாள் அழுதுகொண்டு வந்தார். காணவில்லை நோட்டீசுக்கு நல்ல போட்டோ இல்லையாம். பஸ் ஸ்டாண்டெல்லாம் ஒட்டியிருக்கிறீர்களே, அந்தப் படம் நான் வரைந்ததுதான். அந்தம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்த முகமாகப் போட்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் அவர் மேலே பார்க்கவே இல்லை. தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அதுதான் ஐயா முகம். பதினெட்டுத் தாள் வரைந்தேன்.

ஐந்தாம் நாள் கொஞ்சமும் அசையாமல் இருந்தார். ஆனால் முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கதையைக் குழுவில் போட்டேன். "இப்பத்தான் அங்கிள் நெஜமாவே பயந்துட்டு சிரிச்சேன்" என்றாள் கவிநிலா. பரசுராமனுக்குத் தனியாகவும் அனுப்பினேன். பாதிப் பெருமை அவருடையதல்லவா. இன்னும் ஒரே டிக்தான் காட்டுகிறது. ஊரே பாராட்டுகிற முகம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா. என்மேல் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது.