காற்று போகும் வழி

– கேளு சினேகா. சும்மா நிக்கிறப்போ இன்னா அழகா ஓடுது. இப்போ முறுக்கறேன் பாரு. கேட்டியா?

– அடங்கிப் போவுதுண்ணா.

– அதான். முறுக்க முறுக்க தம் கட்டுது. பின்னால கருப்பா புகை வேற.

– அன்னிக்கும் இப்டித்தான் இருந்திருக்குமா, மேகண்ணா?

– அத்த எப்டிம்மா சொல்றது? எட்டு மாசம் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் கெடந்த வண்டி. ஹேண்டில் மாத்திட்டேன், முன்வீல் மாத்திட்டேன். யார்னா கேட்டா குடுத்துடு. இத்தப் போயி ஏன் நோண்டிகினு?

– விக்கறதுக்கு எடுத்தாரல. ட்ரெய்லர் லாரிய முந்தப் போனான், வேகம்னு எழுதிக்கிறாங்க. உன் தோஸ்து வேகமா போற ஆளா?

– அறிவா? அவன் எண்ணூர் யார்டுக்கு வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு சைக்கிள்காரன் அவனத் தாண்டியிருப்பான்.

– அவங்க அம்மாவே, எம்புள்ள அவசரத்துல போயிட்டான்னு சொல்லிகினு கீறாங்க. பொண்ணு கேக்கறா, அப்பா ஏம்மா அவ்ளோ ஸ்பீடா போனாருன்னு. எனக்குத் தெரியணும்ணா. தப்பு எம்புருசன் மேலயா, வண்டி மேலயா?

– த பாரு, நானும் ஒண்ணு சொல்லிடறேன். அதுக்கு ஒரு மாசம் முன்னால கார்புரேட்டரக் கழட்டி மாட்டினது நான். என் கைதான் தப்பு பண்ணிச்சோன்னு எனக்கும் பேஜாரா கீது. நீ வண்டியக் கொண்டாந்தப்போ தொடவே பயந்தேன்.

– தெரியும். உன் மேல தப்புன்னாலும் நீ சொல்லிடுவ. அதான் உன்கிட்ட வந்தேன்.

– சரி, பாப்போம். இது பிளக்கு. பாரு, ஒரே கரி. பெட்ரோல் போவுது, காத்து பத்தல. கார்புரேட்டர் சுத்தமா கீது. அடைப்பு இல்ல.

– அப்போ உன் தப்பு இல்ல.

– இரு, காத்து வர்ற வழியயும் பாத்துடறேன். அந்த ஸ்க்ரூ டிரைவரக் குடு. பில்டர் மூடி... அட, இன்னா இது?

– இன்னாண்ணா?

– துணி. காத்து போற வாயில துணியக் கட்டி வெச்சிக்கிறான். ரெண்டு மடிப்பு. சாம்பல் அப்பி, பனியில ஊறி, சிமெண்டு மாதிரி இறுகிக் கெடக்குது.

– எதுக்குண்ணா அப்டிக் கட்டுவாங்க?

– உங்க காத்திவாக்கம் பக்கம் பவர் பிளாண்ட்டுலர்ந்து கொட்ற சாம்பல் உள்ள போவாம இருக்கத்தான். மெதுவா போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. முந்தறதுக்கு முறுக்கினா, காத்து இல்லாம வண்டி அப்டியே உக்காந்துடும்.

– ட்ரெய்லர பாதி தாண்டினப்புறம் உக்காந்துட்டா?

– முன்னயும் போவ முடியாது, பின்னயும் வர முடியாது.

– அப்போ அவுரு வேகமா போவல.

– இல்லம்மா. வேகமா போவ முடியாமதான் போயிட்டான்.

– அந்த வாரம் பூரா சொல்லிகினு இருந்தாருண்ணா, வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு. உனக்குத்தான் வயசாயிடிச்சுன்னு சிரிச்சேன்.

– உனக்கு இன்னாம்மா தெரியும்? விடு.

– நீ கண்டத எழுதிக் குடுப்பியா? அவங்க அம்மாகிட்ட, பொண்ணுகிட்ட காட்டணும்.

– எழுதித் தரேன். கோர்ட்டுக்குக் கூப்டாலும் வரேன். ஆனா மெய்யாலுமே ஆறல சினேகா. பதினஞ்சு வருசத்து தோஸ்து. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவன் கைமேலயே ஒண்ணு போட்டிருப்பேன். அறிவுன்னு பேரு வெச்சிகினு, தன் வண்டி மூச்சத் தானே அடைச்சிகினான் பாரு.

– அத்தத் தூக்கிப் போடாதண்ணா. இப்டிக் குடு.

– இந்தா. நீலத்துல வெள்ளப் புள்ளி, பழைய பொடவ போலக்கீது. வல பின்ற நைலான் நூலுல கட்டிக்கிறான். இவ்ளோ நாளாயும் முடிச்சு நெகுலல பாரு. அறுத்துதான் எடுத்தேன்.

– அவுரு வியாசர்பாடிக்காரரு. வலையத் தொட்டதே இல்ல. இந்த முடிச்சு அவருக்குப் போட வராது.

– பின்ன யாரு?

– வாராவாரம் பில்டரத் தட்டி, அந்தச் சாம்பலுக்கு ராவெல்லாம் இருமிகினு கெடப்பாரு. அந்த வாரத்து ஞாயித்துக்கெழம அவுரு தூங்கறப்போ, சொல்லாம நான்தாண்ணா கட்னேன். எழுதறப்போ அதையும் எழுது.